பழைய வீடியோ கேமும் ஆர்.ஜி.பி. மானிட்டரும்

பழைய வீடியோ கேம் கருவியைக் கம்ப்யூட்டர் மானிட்டரில் இணைக்க முடியுமா என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் நேரடியாக முடியாது. அதற்கு ஏற்றது, டிவி ஸ்டுடியோக்களில் பயன்பட்ட சோனி பி.வி.எம். போன்ற ஆர்.ஜி.பி. மானிட்டர். இந்தப் படக்குழாய் மானிட்டர்கள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. பழுதானால் மாற்று கிடைப்பது கடினம். எனவே, இணைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வோம்.

ஆர்.ஜி.பி. என்றால் என்ன?

டிவியின் மஞ்சள் நிற வீடியோ கேபிளில் வெளிச்சமும் நிறங்களும் ஒரே வயரில் கலந்து செல்கின்றன. டிவி அவற்றைப் பிரிக்கும்போது எழுத்துகளின் ஓரம் மங்குகிறது. ஆர்.ஜி.பி. முறையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை தனித்தனி வயர்களில் செல்கின்றன. நான்காவது வயரில் செல்வது சிங்க் சிக்னல். ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்க வேண்டும் என்று மானிட்டருக்குச் சொல்வது இதுதான்.

விஜிஏ மானிட்டர் ஏன் உதவாது?

1990ல் ஜப்பானில் வெளியான நிண்டெண்டோ சூப்பர் ஃபாமிகாமை எடுத்துக் கொள்வோம். இது ஒரு படத்திற்கு 262 வரிகள் வீதம், நொடிக்குச் சுமார் 60 படங்களை அனுப்புகிறது. பெருக்கினால் 15,720, அதாவது ஏறத்தாழ 15.7 கிலோ ஹெர்ட்ஸ். 1987ல் வந்த ஐ.பி.எம். விஜிஏவில் 525 வரிகள் என்பதால் இது 31.5 கிலோ ஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர்களில் பெரும்பாலானவை பாதி வேகத்தை ஏற்பதில்லை.

பிளக் பொருந்தினால் போதுமா?

போதாது. மூன்று இடங்களில் கவனம் தேவை.

* இந்தக் கருவியின் ஜப்பான், ஐரோப்பிய மாடல்களில் வீடியோ சாக்கெட் ஒரே வடிவம்தான். ஆனால் ஜப்பான் மாடலில் சிங்க் வரும் 3ஆம் பின்னில், ஐரோப்பிய மாடலில் 12 வோல்ட் மின்சாரம் வரும். கேபிளை மாற்றிப் போட்டால் அது மானிட்டரின் சிங்க் சாக்கெட்டுக்குள் போய்விடும்.

* ஐரோப்பாவின் ஸ்கார்ட் பிளக்கும் ஜப்பானின் 21 பின் ஆர்.ஜி.பி. பிளக்கும் பார்க்க ஒன்றுதான். உள்ளே வயர் இணைப்பு வேறு.

* ஜாமா வகை ஆர்கேட் போர்டுகளின் வண்ண சிக்னல் பல வோல்ட் வரை இருக்கும். பி.வி.எம். எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். சிக்னலைக் குறைத்துத் தரும் சூப்பர்கன் கருவி வழியாகவே இணைக்க வேண்டும்.

புதுக் கேபிள் என்றால், அதைக் கருவியில் மட்டும் செருகி, சிங்க் முனையை மல்டிமீட்டரில் அளந்த பிறகே மானிட்டரில் இணைப்பது என் வழக்கம். 12 வோல்ட் காட்டினால் அந்தக் கேபிளை ஒதுக்கி விடுவேன்.

இணைக்கும் முறை

1. இரண்டு கருவிகளையும் ஆஃப் செய்யவும்.

2. சிவப்பு, பச்சை, நீல முனைகளை மானிட்டரின் பின்புறம் ஆர், ஜி, பி என்று குறித்த பி.என்.சி. சாக்கெட்டுகளில் செருகித் திருகவும். சிங்க் முனையை எக்ஸ்டர்னல் சிங்க் இன்புட்டில் இணைக்கவும்.

3. 75 ஓம் ஸ்விட்ச் இருந்தால் ஆன் செய்யவும்.

4. மின்சாரம் கொடுத்து, ஆர்.ஜி.பி., எக்ஸ்டர்னல் சிங்க் பட்டன்களை அழுத்தவும்.

5. ஒலி இந்த நான்கு வயர்களில் வராது. அதற்குத் தனி ஆடியோ கேபிள் தேவை.

படம் நிற்காமல் உருண்டால் சிங்க் இணைப்பைப் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் அந்த நிறத்தின் வயரைச் சோதியுங்கள். படம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தால் 75 ஓம் ஸ்விட்சைக் கவனியுங்கள்.

எந்தக் காரணத்திற்காகவும் மானிட்டரின் பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஆஃப் செய்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உள்ளே பழுது என்றால், பழைய டிவி ரிப்பேரில் அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.