சித்திரை மழையும் சோளகக் காற்றும்

ஏப்பிரல் நடுப்பகுதியில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்திற்கு நேர் மேலே நிற்கின்றது. நிலம் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் இடியுடன் மழையாகப் பெய்கின்றது. இம்மழை எங்கும் ஒரே அளவாகப் பெய்வதில்லை, நீடிப்பதுமில்லை.

வைகாசியில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கும். மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மிகுந்த மழையைத் தரும் அக்காற்று, மலைகளற்ற குடாநாட்டில் வறண்ட சோளகமாக வீசி, மண்ணின் ஈரத்தைக் கவர்ந்து செல்கின்றது. அடுத்த பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலேயே வரும்.

ஆகையால், கமக்காரர் செய்யவேண்டியவை:

1. பெரும்போகம் அறுத்த வயல்களைச் சித்திரை மழையின் ஈரத்திலேயே உழுதல் வேண்டும். புரண்ட களைகள் வெயிலிற் காய்ந்து அழியும்; பின்வரும் மழையும் மண்ணுட் சுவறும்.

2. மிளகாய், கத்தரிப் பாத்திகளை வைக்கோலால் மூடி, அதிகாலையில் அல்லது மாலையில் நீர் இறைத்தல் வேண்டும்.

3. கிணற்று நீரை அளவோடு இறைத்தல் வேண்டும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவின்றி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும்.

கிணறு உவர்த்தால் பயிர் மட்டுமன்றிக் குடிநீரும் கெடும்.