இலையும் வெயிலும்: இகுவானா வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு வட்டாரங்களில் மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தும் சாணத்தைக் கிளறிப் பார்த்தும் என் காலம் போனது. பதினோரு வருடத்துக்கு முன் பேரன் ஒரு பச்சை இகுவானாக் குட்டியை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து, "இதுக்கு என்ன போடணும் தாத்தா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. முட்டைக்கோஸும் வாழைப்பழமும் போட்டோம். அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் குட்டி செத்துப்போனது. இரண்டாவதாக வந்தது இன்றும் எங்கள் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. முதல் குட்டியை இழந்து நான் கற்றதை, நீங்கள் எதையும் இழக்காமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது எந்தப் பிராணி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் இதைப் பார்க்கிறவர்கள் உடும்பு என்பார்கள், சிலர் பச்சோந்தி என்பார்கள். உடும்பு இறைச்சி தின்பது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இகுவானா மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை ஆற்றோர மரங்களில் வாழ்ந்து, இலை தின்று பிழைக்கும் பிராணி. முட்டையிலிருந்து வெளியே வந்த குட்டிகூட இலைதான் தின்னும். உள்ளங்கையில் அடங்குகிறதே என்று வாங்குகிறீர்கள். வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம் இருக்கும். நம் நாட்டிலும் இலை தின்னும் ஓணான் ஒன்று உண்டு. ராஜஸ்தான், குஜராத் பாலை நிலத்தின் முள்வால் ஓணான். எண்ணெய்க்காக அதைக் கொன்று குவித்தார்கள். சட்டக் காப்பில் உள்ள அதை யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

2. காகிதத்தைச் சரிசெய்யுங்கள். திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரிந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாத குட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

3. இனி வயிறு. நான் சொல்வதில் முக்கியமானது இதுதான், பொறுமையாகப் படியுங்கள். மாட்டுக்கு வைக்கோல் எப்படிச் செரிக்கிறது? அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து வைக்கோலைப் புளிக்கவைத்துக் கொடுக்கின்றன. இகுவானாவுக்கும் அதே ஏற்பாடுதான். மாட்டுக்கு அந்தத் தொட்டி குடலுக்கு முன்னால் இருக்கிறது. இகுவானாவுக்கு அது பின்னால், பெருங்குடலில். அந்தக் குடலின் உள்ளே மடிப்பு மடிப்பாகத் தடுப்புகள் இருக்கும். இலை அங்கே தங்கித் தங்கி, பல நாள் புளித்து நகரும். மாடு அசை போடும். இகுவானா மெல்லவே மெல்லாது, இலையைக் கத்தரித்து அப்படியே விழுங்கும். அதனால் வேலை முழுவதும் அந்த நுண்ணுயிர்கள் தலையில் விழுகிறது.

இந்த நுண்ணுயிர்கள் பிறக்கும்போதே வருவதில்லை. காத்தரின் ட்ராயர் என்ற ஆய்வாளர் பனாமாவில் இதைக் கவனித்து 1982-ல் எழுதினார். பொரிந்த குட்டிகள் முதலில் மண்ணை நக்குகின்றன. பிறகு பெரிய இகுவானாக்கள் இருக்கும் இடம் தேடிப் போய் அவற்றின் எச்சத்தைத் தின்று, அந்த நுண்ணுயிர்களைத் தம் குடலில் குடியேற்றிக்கொள்கின்றன. உறை ஊற்றுவது என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அதுதான் இது. கடைத் தொட்டியில் தனியாக வளர்ந்த குட்டிக்கு இந்த உறை சரியாக விழுந்திருக்காது. முதல் சில மாதம் அதன் வயிற்றை மென்மையாக நடத்துங்கள். தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள்.

இப்போது உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சித்திரையில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தை மீறிப் பொங்குகிறது. மார்கழியில் ஏன் பொங்குவதில்லை? மாவும் அதே மாவு, அரிசியும் உளுந்தும் அதே அளவு. சூடு இல்லை, அவ்வளவுதான். மாட்டின் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இகுவானாவால் முடியாது. வெளியிலிருந்து சூடு வாங்கி, உடம்பு 35 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால்தான் அதன் குடலில் இலை செரிக்கும். குளிர்ந்த உடம்புக்குள் போன நல்ல கீரையும் கெட்டுத்தான் போகும். எங்கள் முதல் குட்டி செத்தது அப்படித்தான். ஏழு நாள் வெயில் இல்லை. நாங்கள் பாசத்தில் மூன்று வேளை ஊட்டினோம்.

4. ஆகவே, வெயில் முதலில், தட்டு பிறகு. காலையில் ஒரு மணி நேரமாவது வெயில் காய்ந்து உடம்பு சூடேறட்டும். அப்புறம் கீரை வையுங்கள். தின்ற பிறகும் செரிக்கச் சூடு வேண்டும், அதனால் பகல் தீனிதான் நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தட்டு வேண்டாம். பழைய முற்றம் வைத்த வீடு உங்களுடையதாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். நேர் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டுத்தான் வைட்டமின் டி உண்டாகிறது. அது இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பது அதைவிட மோசம். அரை மணியில் வெந்து செத்துவிடும். சித்திரை, வைகாசியில் முற்றத்தில் பாதி நிழல் எப்போதும் இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அது முடிவு செய்யட்டும்.

5. அடைமழைக்கு ஏற்பாடு இப்போதே செய்யுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து பல நாள் சூரியனைப் பார்க்க முடியாது. மேலே தொங்கும் சூட்டு பல்பு ஒன்று, புற ஊதா விளக்கு ஒன்று, ஒரு வெப்பமானி. புற ஊதா விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் போகப் போக அதன் கதிர் குறைந்துவிடும், வருடம் ஒருமுறையாவது மாற்றுங்கள். சூடேறும் கல் என்று விற்பதை வாங்காதீர்கள். வயிறு வெந்து புண்ணாவது அதற்கு உறைக்காது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தீனியை நிறுத்துங்கள். நன்றாக இருக்கும் பெரிய இகுவானா சில நாள் பட்டினியைத் தாங்கும். குளிர்ந்த வயிற்றில் விழுந்த தீனியைத் தாங்காது.

6. தீனிக்கு நம் ஊரைப் போல வசதியான ஊர் இல்லை. கடையில் விற்கும் உருண்டைத் தீனியை மறந்துவிடுங்கள். துவாதசிக்கும் அமாவாசைக்கும் பசுவுக்குக் கொடுக்கக் கட்டுக் கட்டாக வருகிறதே அகத்திக்கீரை, அதுதான் முதல் தீனி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் அகத்தியில் 1,130 மில்லிகிராம் கால்சியம், 80 மில்லிகிராம் பாஸ்பரஸ். முருங்கைக்கீரையில் 440-ம் 70-ம். இகுவானாவின் தீனியில் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது கால்சியம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த இரண்டு கீரையும் கொல்லையில் இருந்தால் அந்தக் கவலையே வேண்டாம். இவற்றோடு செம்பருத்தி இலையும் பூவும், பூசணிக் கொழுந்து, சீவிய பூசணி, பீர்க்கங்காய், அவரை, வெண்டை என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். பத்து பங்கில் எட்டு பங்கு இலையாக இருக்கட்டும். ஒரே கீரையை மாதக்கணக்கில் போடாதீர்கள், அகத்தியாக இருந்தாலும். குட்டிக்குப் பொடியாக நறுக்குங்கள், காம்பைக் கிள்ளிவிடுங்கள்.

7. போடக்கூடாதவை. நெல் விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன்: சோறு போடாதீர்கள். தயிர் சோறும் வேண்டாம், இட்லியும் வேண்டாம். மாவுச்சத்து அந்தக் குடலில் சட்டென்று புளித்துக் காற்றடைக்கும். அரிசி மூட்டையில் வாய் வைத்த மாடு வயிறு உப்பிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முட்டை, மீன், கோழி, நாய்த் தீனி எதுவும் கூடாது. அந்தப் புரதம் சில வருடத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போடும். எப்போதாவது ஒரு இலை போனால் பரவாயில்லை. கோஸ் தினமும் ஆகாது, தைராய்டைப் பாதிக்கும். வாழைப்பழத்தில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். திருவையாற்றுப் பூவன் என்றாலும் வாரம் ஒரு துண்டு போதும். அரளி, எருக்கு, ஊமத்தை இருக்கும் கொல்லையில் அவிழ்த்துவிடாதீர்கள்.

8. வயல் வரப்பில் பறித்த இலையைக் கொடுக்காதீர்கள். குறுவையிலும் சம்பாவிலும் பூச்சிமருந்து அடிக்கும்போது வரப்புப் பச்சையெல்லாம் அதில் நனைகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏற நட்ட அகத்தி கண்ணுக்குக் குளுமையாக இருக்கும். கொடிக்காலுக்கும் மருந்து அடிப்பார்கள். கேட்காமல் பறிக்காதீர்கள். சந்தைக் கீரையென்றால் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு முறை அலசுங்கள். வழி ஒன்றுதான்: வீட்டில் இரண்டு அகத்தி விதையும் ஒரு முருங்கைக் கொம்பும் ஊன்றுங்கள்.

9. தண்ணீர். இலையை ஈரத்தோடு வையுங்கள். அகலமான தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வாரம் மூன்று முறை அதில் இறக்கிவிடுங்கள். பெரும்பாலும் தண்ணீரில் இறங்கியதும் எச்சம் போட்டுவிடும். உடனே தண்ணீரை மாற்றுங்கள். கை கழுவாமல் எந்தப் பிள்ளையும் சாப்பிட உட்காரக்கூடாது. இதன் குடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும்.

10. எச்சத்தைத் தினமும் பாருங்கள். உருவான பச்சை கலந்த பழுப்பு, பக்கத்தில் வெள்ளையாகக் கொஞ்சம், சிறிது நீர். அந்த வெள்ளை நோய் அல்ல, அதன் சிறுநீர்க் கழிவு. மூக்கில் வெள்ளைப் பொடி படிந்து தும்முவதும் சளி அல்ல. மிஞ்சிய உப்பை மூக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. இதற்குப் பயந்து மருந்து கொடுக்காதீர்கள். தண்ணீராகப் போனால் பழத்தை நிறுத்துங்கள், சூட்டைச் சரிபாருங்கள். இரண்டு நாளில் சரியாகவில்லையென்றால் எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தைக் கண்ணளவில் கொடுப்பது கொலை. குடலில் உள்ள நுண்புழுக்களில் சில அதற்குத் தீங்கே செய்யாதவை.

11. மலச்சிக்கல் வந்தால் விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். காரணத்தைத் தேடுங்கள். சூடு போதவில்லையா, தண்ணீர் போதவில்லையா, தரையில் போட்ட மணலையோ தென்னை நார்த்தூளையோ விழுங்கிவிட்டதா? (தரையில் செய்தித்தாளே போதும்.) வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாடை ரப்பர் போல வளைந்தாலோ, கால் வீங்கி நடுங்கினாலோ அது கால்சியக் குறை. எலும்போடு குடல் தசையும் தளர்ந்திருக்கும். வயதான இகுவானாவுக்குச் சிறுநீரகம் வீங்கி இடுப்பெலும்புக்குள் குடலை நெருக்கும், அப்போது எவ்வளவு முக்கினாலும் வராது. பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டியிருக்கலாம். இவை எல்லாம் படம் பிடித்துப் பார்க்க வேண்டியவை. ஆசனவாயில் சிவப்பாகக் குடல் பிதுங்கியிருந்தால், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு அந்த நிமிடமே புறப்படுங்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

12. வளர்க்க முடியவில்லை என்றால் காவிரிக் கரையில் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரீக்கோவிலும் அப்படி விடப்பட்டவை பெருகித் தோட்டங்களை மொட்டையடித்துக்கொண்டிருக்கின்றன. நம் படுகையும் அதற்குப் பிடித்த சூடும் ஈரமும் உள்ள இடம்தான். வனத்துறைக்குச் சொல்லுங்கள், முறைப்படி வேறு கைக்குக் கொடுங்கள்.

நாளைக் காலை தட்டைக் கையில் எடுக்கும்போது, முதலில் அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, அதை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.