ஊசிக்குப் பிறகா, ஊசியாலா?

சபை வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: உபாகமம் 19:15-20, உபாகமம் 22:8, 2 இராஜாக்கள் 20:1-7, நீதிமொழிகள் 18:13, 17, ரோமர் 14-ஆம் அதிகாரம்



ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வருகிற இளம் சகோதரி ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். "பாஸ்டர், புதன்கிழமை பிள்ளைக்கு ஊசி போட்டோம். தொடை வீங்கி ராத்திரியெல்லாம் ஒரே காய்ச்சல். அடுத்த மாசம் திரும்பவும் வரச் சொல்லுதாங்க. எனக்குப் போகவே பயமா இருக்கு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "ஆத்துக்கு அக்கரையில ஊசி போட்ட பிள்ளை ஒண்ணு செத்துப்போச்சாம்லா!" என்றார்கள். "எந்த ஊருக்கா? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன். "அது தெரியாது பாஸ்டர், எங்க மதினிகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க." இன்னொரு பெரியம்மா, "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு?" என்று முடித்து வைத்தார்கள். பிள்ளையின் தாய் அழுதுவிட்டாள்.

அன்று கூடிப்போனால் ஐந்து நிமிஷம்தான் பேசினோம். அதற்குள் ஒரு உண்மை, ஒரு வதந்தி, ஒரு தீர்ப்பு ஆகிய மூன்றும் வந்துவிட்டன. அந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இந்தப் பாடம்.

1. 'பிறகு' வேறு, 'ஆல்' வேறு

ஊசிக்குப் பிறகு வந்தது என்று சொன்னால் அது காலத்தைச் சொல்லுவது. ஊசியால் வந்தது என்று சொன்னால் அது காரணத்தைச் சொல்லுவது. முதலாவது கண்ணால் பார்த்தவர் எவரும் சொல்லக்கூடிய சாட்சி. இரண்டாவதற்கோ விசாரணை வேண்டும்.

நடிகர் விவேக் நம் தென்மாவட்டத்துக்காரர். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னையில் அரசு மருத்துவமனையில் எல்லாரும் பார்க்கும்படி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். வயது 59. அந்த இரண்டு நாளில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்! ஆனால் அவருடைய இருதயத்தின் முக்கியமான இரத்தக்குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது என்று சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் அப்பொழுதே சொன்னார்கள். ஊசிக்குப் பின் வரும் விளைவுகளை ஆராய்கிற மத்திய அரசின் குழுவும் அந்த மரணத்தை விசாரித்தது. அது மாரடைப்பு, ஊசி காரணமல்ல என்று அக்டோபர் மாதம் அறிக்கை வந்தது. 'பிறகு' உண்மை, 'ஆல்' உண்மையல்ல.

பிரியமானவர்களே, இங்கே நான் ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும். அந்த ஏப்ரலில் எனக்கு வந்த ஒரு குரல் பதிவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். விசாரிக்கவில்லை, ஜெபிக்கவும் இல்லை, விரலால் தட்டிவிட்டேன். அதைப் பெற்றவர்களில் ஒருவர் நம் சபையின் மூத்த விசுவாசி. "பாஸ்டரே அனுப்பியிருக்காரு, பொறவு பாத்துக்கிடலாம்" என்று ஊசியைத் தள்ளிப்போட்டார். மே மாதம் வந்தது. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் தொற்று. அந்த அலையில் அவரும் படுத்தார். பதினோராம் நாள் அடக்க ஆராதனை. நான்தான் நடத்தினேன், பத்துப் பேர்கூட இல்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. என் செய்திக்குப் பிறகு இறந்தார். என் செய்தியால் இறந்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மற்றவர்களுக்குச் சொல்லுகிற அதே அளவுகோலைத்தான் எனக்கும் வைக்கிறேன். ஆனால் விசாரியாமல் பேசின வார்த்தைக்கு நான் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். நீதிமொழிகள் 18:13-ஐ அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

2. ஊசியால் வருவதும் உண்டு

அப்படியானால் பக்கவிளைவு என்பதே பொய்யா? இல்லை. அப்படிச் சொல்லுகிறவரும் பொய்ச்சாட்சிக்காரரே.

பெண்டா ஊசி போட்டால் அநேகக் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வீக்கமும் வரும். ஒன்றிரண்டு நாளில் அடங்கும். தட்டம்மை ஊசிக்குப் பின் ஒரு வாரம் பத்து நாளில் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். இவை ஊசியால் வருபவையே. கிருமியை எதிர்க்கச் சரீரம் பழகிக்கொள்ளுகிறதின் அடையாளம் அது. அந்தச் சகோதரியின் பிள்ளைக்கு வந்த காய்ச்சலும் இந்த வகைதான்.

கடுமையானவையும் உண்டு, மிக அபூர்வமாக. 2021 மார்ச் 8-ஆம் தேதி கொரோனா ஊசி போட்டுக்கொண்ட 68 வயதுப் பெரியவர் ஒருவர், உடனே உண்டான கடும் ஒவ்வாமையால் இறந்தார். அது ஊசியால்தான் என்று அதே அரசுக் குழு ஜூன் மாதம் வெளிப்படையாகச் சொன்னது. போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுவது இதற்காகத்தான். அந்த ஒவ்வாமை வந்தால் அங்கேயே மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். நாமோ, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழும்பி ஓடுகிறோம்!

கோவிஷீல்டு ஊசியால் மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்தது. 2021 மே மாதம் வந்த அறிக்கையில், இந்தியாவில் 26 பேருக்கு அப்படி நேர்ந்ததாகவும், அது பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவு என்றும் சொல்லப்பட்டது. அந்த ஊசியை உருவாக்கின நிறுவனமும் பின்பு இங்கிலாந்து நீதிமன்றத்தில், மிக அபூர்வமாக அப்படி நேரிடக்கூடும் என்று ஒத்துக்கொண்டது. 2024-இல் அந்தச் செய்தி வெளிவந்தது.

போலியோ சொட்டு மருந்தில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. பல லட்சம் பேரில் ஒருவருக்கு அதுவே வாதத்தைக் கொண்டுவந்தது. இதை அறிந்துதான் 2015-இல் போலியோ ஊசியையும் சேர்த்தார்கள். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்தையே மாற்றி, தேவையற்றுப்போன ஒரு வகைக் கிருமியை எடுத்துவிட்டார்கள். அதே சொட்டு மருந்தினால்தான் 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோ இல்லை.

நம் தமிழ்நாட்டிலேயே 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். அதன்பின் கிராமத்துக்குக் கிராமம் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போடவேண்டும் என்று அரசு மாற்றினது. ஆகையால் பயப்படுகிற தாயைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று வாயடைக்காதிருங்கள். அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. அவளுக்கு வேண்டியது பதில்.

3. கருத்து வேறுபாடு புதிதல்ல

1955-இல் இராஜாஜி, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கூட்டம் கூட்டமாகப் போடுவதை எதிர்த்து எழுதினார், பேசினார். அவர் விவரம் தெரியாதவர் அல்ல. சென்னை மாகாணத்தை ஆண்டவர். அரசோ ஊசி நல்லது என்றது. எது சரி? பிறகு 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடத்தில் பெரிய ஆய்வு நடத்தினார்கள், பதினைந்து வருஷம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதை மறைக்காமல் உலகத்துக்கே அறிவித்தார்கள். ஆனாலும் பச்சைக் குழந்தைகளின் மூளைக்குப் போகிற கொடிய காசத்தை அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டினதால், இன்றைக்கும் பிறந்த பிள்ளைக்குப் போடுகிறோம்.

இதில் பாடம் என்ன? கேள்வி கேட்டவன் துரோகியும் அல்ல, ஊசியை ஆதரித்தவன் மூடனும் அல்ல. ஆராய்ந்து பார்த்ததினால்தான் எது எதற்கு உதவும் என்று தெரிந்தது. முதலில் பேசுகிறவன் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். மற்றவன் வந்து விசாரிக்கும்போதுதான் காரியம் வெளிப்படும் என்று சாலொமோன் சொன்னதின் கருத்து இதுவே.

விசாரியாத கேள்வியோ வதந்தி. 2017 பிப்ரவரி 6-ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கினபோது, பேர் ஊர் இல்லாத வாட்ஸ்அப் செய்திகள் பரவின. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கிற பிள்ளைக்குக் கண்ணும் காதும் இருதயமும் கெடும் என்பதை அந்தச் செய்திகளில் எதுவும் சொல்லவில்லை.

4. ஊசி போடுவது அவிசுவாசமா?

உபாகமம் 22:8-ஐப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்பது கட்டளை. "கர்த்தர் காப்பார், சுவர் எதுக்கு?" என்று இஸ்ரவேலன் சொல்லக்கூடாது. விழுந்தவன் இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுகிற நமக்கு இது நன்றாய் விளங்கும். சுவர் கட்டினவன் தேவனை நம்பாதவன் அல்ல. ஏறிவருகிற அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நினைத்தவன்.

எசேக்கியா ராஜா அழுதான். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார், குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பின்னும் ஏசாயா தீர்க்கன் அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே படுக்கையருகே இருந்தன. சுகமாக்குகிறவர் கர்த்தர் என்று பிரசங்கிக்கிற நாம் இதை விட்டுவிட்டு வாசிக்கக்கூடாது.

ஆனாலும் வற்புறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒருவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்றும், பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு வைக்கலாம் என்றும், பக்கவிளைவு விவரங்களை ஜனங்களுக்கு வெளியிடவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சபையில் ரோமர் 14 நமக்குச் சட்டம். போட்டவர் போடாதவரை அற்பமாய் எண்ணவேண்டாம். போடாதவர் போட்டவரின் விசுவாசத்தை நிறுக்கவேண்டாம். ஆனால் ஒன்று: பெரியவர் தனக்காக முடிவெடுக்கிறார், கைப்பிள்ளைக்காக நாம் முடிவெடுக்கிறோம். அங்கே இரட்டிப்பாய் விசாரிக்க வேண்டும்.

5. நடைமுறையில் என்ன செய்வது?

- ஊசிக்கு முன்: பிள்ளைக்கு முந்தின ஊசியில் கடுமையான ஒவ்வாமை, வலிப்பு ஏதாவது வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள்.
- ஊசிக்குப் பின்: அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். வீக்கத்தைத் தேய்க்காதீர்கள், தைலம் பூசாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணி போதும். காய்ச்சல் மருந்தை நர்சம்மா சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.
- மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, வலிப்பு, துவண்டுபோதல், மணிக்கணக்கில் ஓயாத அழுகை, இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஜெபக்குழுவுக்குச் சொல்லுங்கள், நாங்கள் ஜெபிக்கிறோம். ஆனால் ஆட்டோவில் ஏறினபின் சொல்லுங்கள்.
- என்ன நடந்தாலும் ஊசி போட்ட இடத்தில் தெரிவியுங்கள். அவர்கள் அதைப் பதிந்து மாவட்டத்துக்கு அனுப்பவேண்டும். தெருவில் சொன்னால் வதந்தி, அங்கே சொன்னால் சாட்சி.

அந்தச் சகோதரியோடு மறுநாள் என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது, பயமில்லை என்று பொறுமையாய் விளக்கினார்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அன்று ராத்திரியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை தாய் அழவில்லை. அக்கரையில் இறந்ததாகச் சொன்ன பிள்ளையைப் பற்றி நாங்கள் மூன்று ஊரில் கேட்டோம். அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை.

உங்களை நீங்களே கேளுங்கள்:
1. நான் கடைசியாக மற்றவருக்கு அனுப்பின செய்தியில் ஊர், தேதி, சாட்சி இருந்ததா?
2. பயப்படுகிற ஒருவருக்கு நான் பதில் கொடுத்தேனா, பட்டம் கொடுத்தேனா?
3. என் வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் எது?

ஜெபக்குறிப்பு: நம் கிராமங்களில் வேலைசெய்கிற செவிலியர்களுக்காகவும், ஊசியால் உண்மையாகவே பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகவும், நம் நாவின் உண்மைக்காகவும் ஜெபிப்போம். ஆமென்.