முதல் கிளிப்பை வைக்கும் முன்: டைம்லைன் அமைப்புகள்

வீட்டு விசேஷங்களை நாமே படமெடுத்து, கணினியில் நாமே தொகுக்கும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. நம் பிள்ளைகளில் சிலர் இதைத் தொழிலாகவே கற்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் மென்பொருளைத் திறந்ததும் கிளிப்பை இழுத்துப் போட்டு வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் பட்டதைச் சொன்னால், உங்களுக்கு இரண்டு இரவுத் தூக்கமாவது மிஞ்சும்.

தம்பி மகளின் நிக்காஹ் படத்தை நானே தொகுத்தேன். மூன்று இரவு வேலை. முடித்துப் பெரிய டிவியில் போட்டபோது, மாப்பிள்ளை நடந்து வரும் காட்சி விநாடிக்கு ஒருமுறை லேசாக உதறியது. அதைவிட மோசம், எங்கள் உம்மா மணமக்களுக்கு துஆ செய்யும் காட்சி. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அடுத்த நான்காம் மாதம் உம்மா மவுத்தாகிவிட்டார்கள். அவர்கள் குரலோடு எங்களிடம் இருக்கும் கடைசிப் படம் அதுதான்.

இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே: பிரேம் ரேட். ஒரு விநாடியில் எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பதே அது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு 25. ஆகவே இங்குள்ள வீடியோகாரர்கள் பெரும்பாலும் 25 அல்லது 50-இல் எடுப்பார்கள். கைபேசிகள் வழக்கமாக 30-இல் எடுக்கும். நான் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் (ஆஸ்திரேலியாவின் ப்ளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்துடையது, இலவசப் பதிப்பே வீட்டு வேலைக்குத் தாராளம்) புதிய ப்ராஜெக்ட் 24-இல் தொடங்கும். 25 படங்களை 24-க்குள் அடைத்தால் விநாடிக்கு ஒரு படம் விழுந்துதானே ஆகவேண்டும்? அந்த உதறல் அதுதான்.

முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவரும்போது, பிரேம் ரேட் பொருந்தவில்லை, மாற்றட்டுமா என்று மென்பொருள் கேட்கவே செய்தது. நான் படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினேன்! கிளிப்புகள் வந்துவிட்ட பிறகு ப்ராஜெக்டின் டைம்லைன் பிரேம் ரேட் பூட்டப்பட்டுவிடும். பிறகு அந்தக் கட்டம் மங்கித்தான் தெரியும்.

எனவே முதல் வேலை இது. ஷிஃப்ட் விசையோடு 9-ஐ அழுத்தினால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறக்கும். கீழே வலது மூலையிலுள்ள பல்சக்கரப் படத்தைத் தொட்டாலும் திறக்கும். அதில் மாஸ்டர் செட்டிங்ஸ் பகுதியில் டைம்லைன் ரெசல்யூஷனும் பிரேம் ரேட்டும் இருக்கும். படத்தின் பெரும்பகுதி எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டதோ அதன் கணக்கை வையுங்கள். வீடியோகாரர் எடுத்தது அதிகம் என்றால் 25. எல்லாமே கைபேசி என்றால் 30. இரண்டும் கலந்தால் சிறுபான்மைக் கிளிப்புகளில் சற்று உதறல் இருக்கும். அதைப் பெரும்பான்மையின் தலையில் ஏற்றாமல் இருந்தால் போதும்.

உம்மாவின் காட்சி வேறு வகை. கைபேசி வெளிச்சத்துக்குத் தக்கபடி பிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். தொகுப்பு மென்பொருளோ ஒரே சீரான ஓட்டத்தை எதிர்பார்க்கும். கிளிப் நீள நீளக் குரல் விலகிக்கொண்டே போகும். தொகுக்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைக் கொடுத்து, வீடியோ பகுதியில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்பு அசலாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். கேபிள் வழியே எடுங்கள், அல்லது டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்டேட்டஸில் போட நெட்டுவாக்கில் ஒரு சிறு படமும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு வேறு ப்ராஜெக்ட் தேவையில்லை. புதிய டைம்லைன் உருவாக்கும் பெட்டியில் யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் என்பதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டு, அகலம் 1080, உயரம் 1920 என்று கொடுக்கலாம். பிரேம் ரேட்டையும் அந்த டைம்லைனுக்கென்று தனியாகத் தேர்ந்துகொள்ளலாம்.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் படத்துக்கானது; ப்ரிஃபரன்ஸ் உங்கள் கைவசதிக்கானது. கண்ட்ரோல் விசையோடு காற்புள்ளியை அழுத்தினால் ப்ரிஃபரன்ஸ் வரும். அதில் யூசர் பகுதிக்குப் போய், ப்ராஜெக்ட் சேவ் அண்ட் லோடு என்ற இடத்தில் லைவ் சேவ், ப்ராஜெக்ட் பேக்கப்ஸ் இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கரண்ட் போனால் காப்பாற்றுவது இவைதான். ஆனால் ஒன்று: பேக்கப்பில் சேமிக்கப்படுவது நீங்கள் வெட்டி அடுக்கிய கணக்கு மட்டுமே. வீடியோ கோப்புகள் அதில் இல்லை. அவற்றைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நீங்கள்தான் நகலெடுத்து வைக்கவேண்டும்.

அதே யூசர் பகுதியில் எடிட்டிங் என்ற இடமும் உண்டு. டைம்லைன் ஏன் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது என்று புதியவர்கள் குழம்புவார்கள். பழைய ஒளிபரப்பு வழக்கம் அது. ஸ்டார்ட் டைம்கோடை 00:00:00:00 என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீரும். புகைப்படங்களை வரிசையாக ஓடவிட எண்ணினால், ஒரு படம் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதையும் இங்கேயே வைக்கலாம். இயல்பாக 5 விநாடி இருக்கும்.

கணினி பழையதாக இருந்து படம் திக்கித் திக்கி ஓடினால், ப்ளேபேக் மெனுவில் டைம்லைனை அரை அல்லது கால் தரத்தில் ஓட்டும் வசதி இருக்கிறது. இறுதிப் படத்தின் தரத்தை அது தொடாது. டைம்லைனின் மேல் இடப்புறமுள்ள வியூ ஆப்ஷன்ஸில் ஒலி அலைகளைத் தெரியவைத்து, ஆடியோ ட்ராக்கின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பேச்சு எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். வெட்டுவது பாதி வேலையாகிவிடும்.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும், ப்ராஜெக்ட் செட்டிங்ஸின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, இதையே வழக்கமான அமைப்பாக வைத்துவிடலாம். அடுத்த ப்ராஜெக்ட் தானாகவே 25-இல் திறக்கும்.

நான் 25-இல் புதிய டைம்லைன் போட்டு, பழையதிலிருந்து கிளிப்புகளை நகலெடுத்து ஒட்டி, ஒவ்வொரு வெட்டையும் மறுபடி சரிபார்த்தேன். உம்மாவின் கிளிப்பின் அசல், தம்பியின் பழைய போனில் அழியாமல் கிடந்தது. அதை மாற்றி வைத்த இரவு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். இம்முறை குரல் உதட்டோடு வந்தது.