கலியாணமா, கைகலப்பா?

தவணை விடுமுறை வந்தால் திருகோணமலையின் வளர்ப்பு மீன் கடைகளில் ஒரே காட்சிதான். தகப்பன் கையில் ஒரு பொலித்தீன் பை, பிள்ளை கையில் இன்னொன்று, இரண்டுக்குள்ளும் ஃபைட்டர். "சோடியாத் தாங்கோ, குஞ்சை வித்து டியூஷன் காசைப் பார்க்கலாம்" என்பார் தகப்பன். மூன்றாம் நாள் பெண்மீன் செட்டை கிழிந்து மிதக்கும். உயிரியல் படிப்பிக்கிற என்னிடம் பிள்ளை வந்து சொல்லும்: "சேர், அதுகள் காதலிக்குது எண்டுதான் நினைச்சன்."

கப்பியில் இந்தக் குழப்பம் இல்லை. ஆண் உடலைக் கொக்கிபோல் வளைத்து நடுங்கும். பெண் ஓடினால் விருப்பமில்லை, அவ்வளவுதான். கோல்ட்ஃபிஷ் ஆணின் செவுள்மூடியில் உப்புக்கல் தூவினாற்போல் வெண்புள்ளிகள் எழும். பெண்ணின் வயிற்றை முட்டித் துரத்துவது முட்டைக்காக. அந்தப் புள்ளிகளை வெண்புள்ளி நோய் என்று மருந்து ஊற்றியவர்கள் உண்டு. முத்தமிடும் கூராமியின் முத்தமோ பெரும்பாலும் பலப்பரீட்சை. அதிர்ஷ்டம் என்று பெற்றோர் வாங்கும் ஃப்ளவர்ஹோர்ன் தனியாக வாழ வேண்டிய மீன். அதற்குச் சோடி தேடாதீர்கள்.

ஃபைட்டரைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதன் ஆணுக்கு எதிரிக்கும் துணைக்கும் முதல் வரவேற்பு ஒன்றே: செவுளை விரித்து, செட்டையைப் பரப்பி நிற்கும். வித்தியாசம் அதற்குப் பிறகு. பெண்ணின் உடலில் குறுக்கே வெளிறிய பட்டைகள் தோன்றி, அது தலையைத் தாழ்த்திக்கொண்டு கிட்டப் போக வேண்டும். ஆண் நுரைக்கூட்டுக்குப் போவதும் திரும்பி வந்து அழைப்பதுமாக இருக்க வேண்டும். கூடு இல்லை, பட்டையும் இல்லை, செட்டையில் மட்டும் கடி விழுகிறது என்றால் உடனே பிரியுங்கள். கூடுகிறபோது ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்து இறுக்கும். பெண் செத்ததுபோல் சாயும். அப்போது கையை விட்டுக் கலைப்பது மடத்தனம். ஆண் முட்டைகளை வாயில் எடுப்பது தின்னவல்ல, கூட்டில் வைக்க. எல்லாம் முடிந்ததும் அதே ஆண் பெண்ணைத் துரத்தும். அப்போது பெண்ணை எடுத்துவிட வேண்டும். ஒரே மாலைக்குள் துரத்தலுக்கு மூன்று அர்த்தம்! பிறகு குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளைத் தீனியாகத் தேட வேண்டும். வளர்ந்த ஆண்குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தல் வேண்டும். டியூஷன் காசு அந்தப் போத்தல்களோடு போய்விடும்.

என்னைக் கேட்டால் மஞ்சள் கோரளிதான். நம் களப்பு மீன், விரலளவு, சிறு பிராயத்தில் கரையில் குந்தியிருந்து நான் பார்த்த மீன். சோடி சேரும்போது வாயோடு வாய் கவ்வி இழுபடும். சண்டைக்கும் அதையே செய்யும். பிடி விட்டதும் பாருங்கள். இரண்டும் அதே கல்லுக்குத் திரும்பித் துப்புரவாக்கினால், வயிற்றடியில் சின்னக் குழல் தெரிந்தால், கலியாணம். ஒன்று நிறம் வெளிறி, செட்டை மடக்கி, மேல்மூலையில் ஒதுங்கினால் தோற்றுவிட்டது. இடையில் கண்ணாடித் தடுப்பு வையுங்கள். குஞ்சு வந்தபின் அவை பெற்றோரின் மேலில் கொத்தும். பயப்பட வேண்டாம், தோலின் சளியைத்தான் தின்கின்றன. வார்ட், பார்லோ என்ற ஆய்வாளர்கள் 1967இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

எந்தப் பிள்ளைக்கும் மீன் பொருந்தும் என்றில்லை. டொக்டராக வேண்டும் என்று பயோவில் தள்ளுவதுபோல் தொட்டிக்கு முன்னாலும் தள்ளாதீர்கள். நிறம் பார்க்கிற கண் வேறு, நடத்தை பார்க்கிற கண் வேறு. சன்னலுக்கு வெளியே போன சிவப்புத் தபால் வண்டியைக் கண்டு தொட்டி மீன்கள் சண்டைக்கு நின்றதை விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் கவனித்தார், சும்மா பார்த்துக்கொண்டிருந்ததால்தான். 1973இல் நோபல் பரிசு பெற்றோரில் அவரும் ஒருவர். ஆகவே முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். காதல், கோபம் என்று எழுதக்கூடாது. எது முதலில் போனது, எது திரும்பி வந்தது என்று எழுதுங்கள்.

போன தவணை ஒரு மாணவி தன் கொப்பியைக் காட்டினாள். பதினொரு நாளும் "ஒண்டுமில்லை." பன்னிரண்டாம் நாள்: "இரண்டும் சிரட்டையை வாயால துப்புரவாக்குது."