பார்க்காமலும் கார் ஓட்டலாம், திரையில்

நம்பிக்கை: வீடியோ கேம் கண்ணால் ஆடுவது. பார்வையற்றவர்களுக்கு அதில் இடமில்லை.

உண்மை: 2020 ஜூனில் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாட்டைப் பார்வை அறவே இல்லாதவர்களும் முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடித்திருக்கிறார்கள். நாட்டி டாக் நிறுவனம் அதில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளை வைத்தது. மெனுவில் உள்ளதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். வழி தெரியாமல் நின்றால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், போகவேண்டிய திசைக்குக் கதாபாத்திரம் திரும்பிக்கொள்ளும். தாண்ட வேண்டிய இடத்துக்கு ஓர் ஓசை, பொருளை எடுக்க வேண்டிய இடத்துக்கு வேறோர் ஓசை.

உருவாக்கும் காலத்திலேயே பார்வையற்ற ஆட்டக்காரரான பிராண்டன் கோலை ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். அந்த 60 வசதிகளைவிட இந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எது தடுக்கிறது என்பதைத் தடுக்கப்பட்டவரிடமே கேட்டார்கள். 2023-இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டர்ஸ்போர்ட்' கார் பந்தயத்துக்கும் அவர் ஆலோசனை சொன்னார். வளைவு எந்தப் பக்கம், எப்போது பிரேக் பிடிப்பது, பாதையின் ஓரம் எவ்வளவு அருகில் என்பதெல்லாம் அதில் காதுக்கே வந்துவிடும்.

நம்பிக்கை: இப்படி உதவினால் சவால் போய், விளையாட்டு சப்பென்று ஆகிவிடும்.

உண்மை: என்னை மிகவும் வருத்தப்படுத்தும் பேச்சு இது. 2018-இல் வந்த 'செலஸ்ட்', மலையேறும் கதை, கடினத்துக்குப் பேர்போனது. அதன் உதவி முறையில் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம், களைப்பே வராமல் செய்துகொள்ளலாம். வேண்டாதவர் அதைத் தொடவே தேவையில்லை. அவர் ஏறும் மலை ஓர் அங்குலமும் தாழாது. வேறு விளையாட்டுகளில், பட்டனைப் படபடவென்று தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்ற வசதி, மூட்டுவாதம் வந்த விரல்களுக்கு வலியைத்தான் குறைக்கிறது. எதிரியை எப்படி வெல்வது என்று ஆடுபவர்தான் யோசித்தாக வேண்டும்.

நம்பிக்கை: நாலு பேருக்காக இவ்வளவு செலவா?

உண்மை: யுபிசாஃப்டின் 'அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ்' 2017-இல் வந்தபோது சப்டைட்டில் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. ஆடியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் தாங்களாகவே தேடிப்போய் அதைப் போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேருக்கும் காது கேளாமலா இருக்கும்? பக்கத்தில் குழந்தை தூங்கும் வீட்டிலும் எழுத்து உதவும். எழுத்தின் அளவைக் கூட்டுவது, பட்டன்களை இடம் மாற்றிக்கொள்வது எல்லாம் தொடக்கத்திலேயே திட்டமிட்டால் சிறிய வேலைகள். எல்லாம் முடிந்தபின் செருகப் பார்க்கும்போதுதான் செலவு ஏறுகிறது.

நம்பிக்கை: இது நேற்று முளைத்த நாகரிகம்.

உண்மை: கைகளைப் பயன்படுத்த முடியாதவர்களுக்காக நின்டெண்டோ 1989-லேயே மார்பில் மாட்டிக்கொள்ளும் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. முகவாயால் அசைக்க ஒரு குச்சி. குழாயில் ஊதினால் ஒரு பட்டன், உறிஞ்சினால் இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது 2018-இல். இரண்டு பெரிய பட்டன்கள், பின்பக்கம் வரிசையாக 19 துளைகள். காலால் மிதிப்பதோ தலையால் தட்டுவதோ, எது தோதோ அந்த ஸ்விட்சைச் செருகிக்கொள்ளலாம். சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் கடைக்கு வர 2023 டிசம்பர் ஆயிற்று. அதுவரை எத்தனையோ பேர் சாதாரண கன்ட்ரோலரைப் பிரித்து, ஒயரைப் பற்றவைத்து, தங்களுக்கானதைத் தாங்களே செய்துகொண்டார்கள்.