மேடையில் பாடி நடிக்கப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேள்!

ஆண்டு விழா இசை நாடகத்தில் உனக்கு ஒரு வேஷம் கிடைத்திருக்கிறதா? முதலில் என் வாழ்த்து! பாட்டுப் போட்டி என்றால் குரல் இனிமையாக இருந்தால் கைதட்டல் வந்துவிடும். இசை நாடகத்தில் அது மட்டும் போதாது. அங்கே கதையை நகர்த்துவதே பாட்டுதான். வரி புரியவில்லை என்றால், கதாநாயகி ஏன் கோபப்படுகிறாள் என்று கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரே காரியத்துக்காக: உன் சொல் அந்தப் பாட்டி வரை போய்ச் சேர வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைச் சுருக்கி நீங்கள் போடுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு நாடகம் என்றாலும் இதே வழிதான்.

1. முதலில் பேசு, அப்புறம் பாடு

பாட்டைக் கையில் வாங்கியதும் மெட்டுக்குப் போகாதே. வரிகளை வசனம் போலப் பேசிப் பார். யார், யாரிடம், எதற்காக இதைச் சொல்கிறார்? நாரதர் வள்ளியிடம் வம்புக்குத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். அவர் பாட ஒன்று, அவள் பதிலுக்கு ஒன்று என்று தர்க்கம் வளர்கிறது. அந்தக் காரம் பேசும்போது வந்துவிட்டால் பாடும்போதும் தானாக வரும்.

அடுத்து ஒரு பென்சில் எடு. மூச்சு வாங்கும் இடத்தில் கோடு போடு. ‘தினைப்புனம் காத்திருந்தேன்’ என்று ஒரு வரி இருந்தால், ‘காத்தி’ வரை பாடி மூச்சு வாங்கி ‘ருந்தேன்’ என்று முடித்தால் பொருள் போய்விடும். சொல் முடியும் இடத்தில்தான் மூச்சு. ழ, ள, ல மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும்படி பழகு.

2. உன் கட்டை என்ன?

கட்டை என்றால் நீ பாடும் சுருதி. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 5, 5½ கட்டை ஒத்துவரும். குரல் உடைந்த பையன்களுக்கு 1, 1½ பக்கம் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். பாட்டில் எது மிக மேலே போகும் வரியோ, அதைத் தொண்டை இறுகாமல் பாட முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அரைக் கட்டை இறக்கச் சொல்லி டீச்சரிடம் உடனே கேள். பின்னணி இசையைப் பதிவு செய்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் சிரமம். மைக் இல்லாத காலத்தில் கூட்டத்தின் கடைசி வரை கேட்க வேண்டும் என்று நாடக நடிகர்கள் உச்ச ஸ்தாயியில் பாடினார்கள். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

3. தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையத் தொடங்கினால் பயப்படாதே. நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், பாடி நடித்த பையன்களுக்கு இந்த வயது பெரிய சோதனை. உனக்குப் பிழைப்பு இதில் இல்லை. அதனால் மறைக்காமல் டீச்சரிடம் சொல். மேலே போகும் வரியைக் கீழ் ஸ்தாயியில் பாடலாம், இல்லையென்றால் அந்த வரியை வசனமாக மாற்றலாம். பழைய குரலை எட்டிப் பிடிக்க மட்டும் கத்தாதே.

4. கால் வேறு, வாய் வேறு அல்ல

பாட்டைத் தனியாக, நடையைத் தனியாக மனப்பாடம் செய். இரண்டும் கைவந்த பிறகு சேர்த்துப் பழகு. வீட்டுக் கூடத்தில் வேகமாக நடந்தபடி பாடிப் பார். எங்கே மூச்சு திணறுகிறதோ அங்கே அசைவைக் குறைக்கச் சொல்லி நடன மாஸ்டரிடம் கேள். முருகனைப் பார்த்துப் பாடும்போதும் முழுதாக அவர் பக்கம் திரும்பாதே. முகத்தில் பாதியாவது சபைக்குத் தெரிய வேண்டும்.

5. கோரஸ் என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. நானும் பள்ளியில் தோழிகள் கூட்டத்தில் பாடியவள்தான். வள்ளி காவல் காக்கும் தினைப்புனத்தைக் கண்முன் கொண்டுவருவது அந்தத் தோழிகள். எல்லோரும் வரியை ஒரே நேரத்தில் முடிக்கப் பழகுங்கள். ஒருத்தி மட்டும் இழுத்தால் சொல் குழம்பும். ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கும் கார்வையில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். வள்ளி பாடும்போது அவளைக் கவனி. நீ கவனித்தால் சபையும் அவளைக் கவனிக்கும்.

6. மைக், உடை, மேக்கப்

காலர் மைக் என்றால் மாலையும் நகையும் அதில் உரசாமல் பார்த்துக்கொள். மேடையிலிருந்து உள்ளே வந்ததும் அது அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசு. கை மைக் என்றால் தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். சவுண்ட் செக்கில் மெதுவாக முணுமுணுக்காதே. விழாவில் எப்படிப் பாடுவாயோ அப்படியே பாடு. சுருதி உங்கள் காதில் விழ, மேடையைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் வைக்கச் சொல்லுங்கள்.

கிரீடம், சலங்கை, புடவை எல்லாவற்றோடும் ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும். முருகன் வேடனாகவும் கிழவராகவும் வருபவர். அடுத்து வேண்டிய உடையை உள்ளே போட்டுக்கொண்டால் மேலே இருப்பதைக் கழற்றினாலே போதும். மேக்கப்பை முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார். அரித்தால் சொல்லிவிடு.

7. தொண்டை உன் பொறுப்பு

நன்றாகத் தூங்கு, அடிக்கடி தண்ணீர் குடி. விளையாட்டு மைதானத்தில் கத்துவதை விழா முடியும் வரை நிறுத்தி வை. மேடை ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிடு. சளி பிடித்தால் ஒத்திகையில் முழுக் குரலில் பாடாதே. கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

8. வரி மறந்துவிட்டால்?

மறக்கும், எல்லோருக்கும் மறக்கும். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் தனிப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய். மேடையில் ஒரு வரி விட்டுப்போனால் அதைத் துரத்தாதே. முகத்தை மாற்றாமல் அடுத்த வரியின் தலையில் சேர்ந்துகொள். ஆர்மோனியக்காரர் உனக்காகக் காத்திருப்பார். பதிவு செய்த இசை காத்திருக்காது. அப்போது கைகொடுப்பது உன் காதுதான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்று நடக்கிறது. அதில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒன்றாக ஒத்திகை பார்க்காமலே வந்து மேடையில் சேர்ந்து நடிப்பார்கள். கதையும் பாட்டும் அவர்களுக்குப் பாடம். மிச்சத்தை அடுத்தவர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்டே சமாளிக்கிறார்கள். உன் வரியோடு எதிரில் இருப்பவரின் வரியையும் நீ தெரிந்து வைத்திருந்தால் அவருக்கும் நீ கை கொடுக்கலாம்.

9. கடைசியாக ஒரு பரீட்சை

டிரஸ் ரிகர்சல் அன்று, கதை தெரியாத ஒருவரைக் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வை. சின்ன வகுப்புப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் “எப்படிப் பாடினோம்?” என்று கேட்காதே. “என்ன கதை, சொல்லு” என்று கேள். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, விழா வரை நீங்கள் எல்லோரும் சேர்ந்து உழைக்க வேண்டிய இடம் அதுதான்.